ஏட்டிலிருந்து இணையத்துக்கு: வன்னி எழுத்தாவணங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எழுத்து தான் தங்கியிருக்கும் பொருளை மாற்றிக்கொள்ளும் காலங்கள் ஒரு சமூகத்தின் வரலாற்றில் முக்கியமான காலங்களாகும். அத்தகைய காலங்களிலே சமூக நினைவின் ஒரு பகுதி புதிய பொருளுக்குக் கொண்டு செல்லப்படுகின்றது. பிறிதொரு பகுதி பழைய பொருளோடு கைவிடப்படுகின்றது. ஓலையிலிருந்து அச்சுத்தாளுக்குத் தமிழ் பெயர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு பற்றிப் பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. ஆனால் கணினியிலே தட்டெழுதப்பட்ட கோப்புகளிலிருந்து இணையப் பக்கங்களுக்குத் தமிழ் பெயர்ந்துவரும் இன்றைய காலம் வரலாற்று மாணவரின் கவனத்தை இன்னும் போதிய அளவு ஈர்க்கவில்லை. இப்பெயர்ச்சியைத் தொழில்நுட்பவியலாளருக்குரிய ஒரு சிறு வேலையாகக் கருதும் மனப்பான்மையே இதற்குக் காரணம் எனலாம். உண்மையில் இது பதிப்புப் பணியாகும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பின் எழுத்தாவணங்களை உதாரணமாகக் கொண்டு இதனை நிறுவலாம்.

வன்னியைப் பற்றிய எழுத்துகள்

வன்னி பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளிற் பெரும்பாலானவை வன்னிக்கு வெளியே தோன்றியவை. வன்னியர் குடியேற்றங்களைக் கூறும் வையாபாடல் யாழ்ப்பாண அரச மரபைச் சார்ந்து எழுந்த நூலாகும். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணத்தை மையமாகக் கொண்டு எழுதப்பட்டது. கோணேசர் கல்வெட்டு திருகோணமலைக் கோயிலைச் சார்ந்தது. பிரித்தானியர் ஆட்சியிலே ஜே. பி. லூயிஸ் என்னும் நிருவாக அதிகாரி 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டை ஆங்கிலத்தில் வெளியிட்டார். குளங்கள், வரிகள், நோய்கள், குடித்தொகை ஆகியவற்றை அது விரிவாகக் கூறுகின்றது. எனினும் அது ஆள்வோரின் கண்கொண்டு எழுதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டிலே சி. எஸ். நவரத்தினம், பேராசிரியர் சி. பத்மநாதன் முதலியோரின் ஆய்வுகள் இத்துறைக்கு வளஞ் சேர்த்தன. 1980இல் க. செ. நடராசாவின் பதிப்பாக வையாபாடல் மீண்டும் வெளிவந்தது.

வன்னி மக்கள் தம்மைப் பற்றித் தாமே அறிந்திருந்தவை பெரும்பாலும் வாய்மொழியாகவும் கூத்தாகவும் சடங்காகவும் வழங்கின. முள்ளியவளைக் கோவலன் கூத்து, வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு தொடர்புடைய பாடல்கள், வயலிலும் காட்டிலும் பாடப்பட்ட நாட்டார் பாடல்கள் ஆகியவற்றை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். இவை அச்சேறுவதற்கு அச்சகமும் முதலும் வேண்டியிருந்தன. ஈய எழுத்தாற் கோத்து அச்சிடும் வசதி கிராமங்களுக்கு எட்டாத தொலைவிலேயே நெடுங்காலம் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் இந்நிலை மாறத் தொடங்கியது. கணினியும் தமிழ் எழுத்துருவும் வந்தபின்னர் ஒரு கோயிலின் தல வரலாறு, ஒரு பாடசாலையின் ஆண்டு மலர், ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அறிக்கை, இறந்தவரின் முப்பத்தோராம் நாளிலே வழங்கப்படும் 'கல்வெட்டு' என்னும் நினைவு நூல் ஆகியன குறைந்த செலவில் உருவாகின. பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவர் தம் ஊர்களைப் பற்றி எழுதிய ஆய்வேடுகளும் இவ்வகையினவே. தலைமுறை வரிசைகள், குளங்களின் பெயர்கள், குடியேறிய ஆண்டுகள், வழக்கொழிந்த சடங்குகள் எனப் பேரறிஞர் நூல்களிற் காணப்படாத செய்திகள் இச்சிறு வெளியீடுகளிற் பொதிந்துள்ளன. வன்னி தன்னைப் பற்றித் தானே எழுதிய எழுத்து என்று கூறத்தக்கது பெரும்பாலும் இதுவேயாம்.

இவ்வெழுத்துத் தோன்றிய காலம் போர்க்காலம் என்பதை மறத்தலாகாது. 1990க்குப் பின் பெருநிலப்பரப்பின் பெரும்பகுதி பொது மின்வழங்கல் இன்றி இருந்தது. மின்பிறப்பாக்கியின் துணையோடே கணினிகள் இயங்கின. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையான மக்கள் வன்னிக்கு இடம்பெயர்ந்தனர். 1996இல் கிளிநொச்சி நகரம் வெறுமையாயிற்று. 2008–2009 இல் வன்னி மக்கள் ஏறத்தாழ முழுமையாகவே இடம்பெயர்ந்தனர். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வவுனியா மாவட்ட முகாம்களைச் சென்றடைந்தனர். இடப்பெயர்வின் ஒவ்வொரு கட்டத்திலும் கடதாசி கைவிடப்பட்டது. அச்சுப் பிரதி அழிந்தபோதும் அதன் கணினிக் கோப்பு வேறோர் ஊரிலே ஓர் இறுவட்டிலோ, வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட மின்னஞ்சலிலோ தப்பியிருத்தல் கூடும். அவ்வாறு தப்பிய கோப்பே பல வெளியீடுகளுக்கு எஞ்சிய ஒரே சான்றாகும். எனவே அக்கோப்பின் இயல்பை அறிதல் வரலாற்று மாணவருக்கு இன்றியமையாதது.

பாமினி எழுத்துருவின் இயல்பு

ஈழத்தில் மிகப் பரவலாக வழங்கிய எழுத்துரு பாமினி ஆகும். இதன் அடிப்படையை விளங்கிக்கொள்வதற்குத் தட்டச்சுப் பொறியை நினைவுகூர்தல் வேண்டும். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறியை அமைத்த முன்னோடியாவார். தட்டச்சுப் பொறிக்கு எழுத்தின் ஒலி தெரியாது. வடிவு மட்டுமே தெரியும். கொம்பு முதலிலும், அகரமேறிய மெய் அடுத்தும், கால் இறுதியிலும் தாளிலே பதியும். கண்ணுக்கு அது 'கொ' எனத் தோன்றும்.

பாமினியும் இம்முறையையே பின்பற்றியது. அமெரிக்காவிலே 1963இல் வகுக்கப்பட்ட 'அஸ்கி' என்னும் குறியீட்டு முறை ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் மட்டுமே இடந்தந்தது. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தன. ஆகவே பாமினியில் 'தமிழ்' என்று தட்டெழுதப்படும்போது கோப்பிலே சேமிக்கப்படுவன ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகும். 'வன்னி' என்பது ரீ, டீ, அரைப்புள்ளி, டீ, பீ என்னும் ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகின்றது. எழுத்துரு உடனிருக்கும்வரை அது தமிழாகத் தோன்றும். எழுத்துரு நீங்கிய கணமே அது எம்மொழியிலும் பொருள் தராத குறித்தொகுதியாகிவிடும். கோப்பிலே தமிழ் இல்லை. தமிழின் தோற்றம் மட்டுமே உண்டு.

இக்குறையை நீக்குவதற்குப் பல முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பு உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை வழங்கத் தொடங்கியது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. எனினும் சாதாரண கணினிகளில் ஒருங்குறித் தமிழ் இயங்குவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்றன. இடைப்பட்ட காலத்திலே புலம்பெயர் தமிழரும் தமிழக அறிஞரும் இணைந்து 'ரிஸ்கி' என்னும் எட்டிலக்கக் குறியீட்டு முறையை வகுத்தனர். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி 'ரப்', 'ரம்' என்னும் நியமங்கள் அறிவிக்கப்பட்டன. இலங்கையிலே 2008இல் ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்ட எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமம் ஏற்கப்பட்டது. அதற்கு முற்பட்ட ஆவணங்களும், பழக்கத்தின் காரணமாக அதற்குப் பிற்பட்ட ஆவணங்கள் பலவும் பாமினியிலேயே அமைந்தன.

ஒருங்குறி எழுத்தின் வடிவைச் சேமிப்பதில்லை. எழுத்தின் அடையாளத்தைச் சேமிக்கின்றது. 'கொ' என்பது அங்கே ககரமும் அதனைத் தொடரும் ஒகரக் குறியுமாகும். எனவே பாமினியை ஒருங்குறியாக்கும் கருவி, முன்னிற்கும் கொம்பையும் பின்னிற்கும் காலையும் ஒன்றிணைத்து மெய்க்குப் பின்னே வைத்தல் வேண்டும். தோற்றத்தைப் படித்து அடையாளத்தைத் துணியும் இச்செயல் ஏட்டுச் சுவடியைப் படித்தவர்கள் செய்த செயலினின்றும் வேறுபட்டதன்று.

ஏட்டுப் பதிப்பாளரும் எழுத்துரு மாற்றியும்

பழைய ஓலைச் சுவடிகளிலே மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோர் சுவடியிற் கண்ட வடிவை இலக்கண அறிவாலும் பொருளறிவாலும் துணிந்து அச்சேற்றினர். ஒரே கீற்றைக் காலாகக் கொள்வதா ரகரமாகக் கொள்வதா என்பது பாட்டின் பொருளையே மாற்றக்கூடியது. அதனாலேதான் அவர்களைப் படியெடுப்போர் என்னாது பதிப்பாசிரியர் என்கின்றோம்.

இதே வகையான ஐயம் பாமினியிலும் உண்டு. ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகரமும் பாமினியில் ஒரே விசைக்குரியன. கொம்பு, வகரம், ளகர வடிவு ஆகிய மூன்றும் தொடர்ந்து வரும்போது அது 'வௌ' என்னும் ஓரெழுத்தா, 'வெள' என்னும் ஈரெழுத்தா என்பதைச் சொல்லை அறிந்தே துணிதல் வேண்டும். சொல்லை நோக்காது வடிவை மட்டும் நோக்கிய மாற்றிகள் அதனை எங்கும் ஔகாரமாகவே கொண்டன. அதன் விளைவாக 'வெளியீடு' என்பது 'வௌியீடு' எனவும், 'வெள்ளம்' என்பது 'வௌ்ளம்' எனவும், 'தெளிவு' என்பது 'தௌிவு' எனவும் இலங்கைத் தமிழ் இணையப் பக்கங்களிலே பெருகின. மேலோட்டமாகப் படிப்பவரின் கண் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின் தேடுபொறி இரண்டையும் வெவ்வேறு சொற்களாகவே கொள்ளும். வன்னியின் மேற்கிலுள்ள வெள்ளாங்குளத்தைப் பற்றித் தேடும் ஒருவர், அவ்வூர்ப் பெயர் ஔகாரமாகப் பிறழ்ந்து நிற்கும் பக்கத்தைக் கண்டடைவதரிது. எழுதப்பட்டும் கண்டடைய முடியாத ஆவணம் ஆய்வாளரைப் பொறுத்தவரை இல்லாத ஆவணமே.

'ரூபவ்' என்னும் சொல்

இலங்கையின் தமிழ் இணையப் பக்கங்களிலே 'ரூபவ்' என்னும் சொல் பல இடங்களிற் காணப்படுகின்றது. 'கிளிநொச்சிரூபவ் முல்லைத்தீவுரூபவ் வவுனியா' என்றாற்போல ஊர்ப் பெயர்களின் இறுதியிலே அது ஒட்டி வரும். எந்தத் தமிழ் அகராதியிலும் இச்சொல் இல்லை. பிற்காலத்து ஆய்வாளர் ஒருவர் இதனை ஒரு விகுதி என மயங்கினும் வியப்பதற்கில்லை. இச்சொல்லின் எழுத்துகளை மீண்டும் பாமினி விசைகளாக்கிப் பார்த்தால் அதன் பிறப்பு வெளிப்படும்.

பாமினியிலே இகரத்துக்கு ஆங்கிலக் காற்புள்ளியின் இடம் கொடுக்கப்பட்டது. அதனாற் காற்புள்ளிக்கு வேறோர் இடம் வேண்டியிருந்தது. கணிதத்தில் 'பெரிது' எனப் பொருள்படும் கூர்க்குறியின் இடத்தில் அது வைக்கப்பட்டது. 'சிறிது' எனப் பொருள்படும் எதிர்க் கூர்க்குறியின் இடம் ஈகாரத்துக்கு உரியதாயிற்று. தாளில் அச்சிடும்வரை இதனால் இடர் யாதுமில்லை. ஆனால் இணையப் பக்கங்கள் எழுதப்படும் எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழியிலே இவ்விரு கூர்க்குறிகளும் தனிச் சிறப்புடையவை. தலைப்பு எங்கே தொடங்குகின்றது, பந்தி எங்கே முடிகின்றது என்பதை அறிவிக்கும் கட்டளைகள் இக்கூர்க்குறிகளுக்கு இடையிலேயே எழுதப்படுகின்றன. எனவே உரையின் பகுதியாகக் கூர்க்குறி வருமாயின் அதனை நேரே எழுதாது, ஆங்கிலத்தில் 'உம்' என்னும் பொருளில் வழங்கும் குறியோடு ஜீ, ரீ என்னும் எழுத்துகளையும் அரைப்புள்ளியையும் சேர்த்து எழுதுவது விதி. பாமினி ஆவணத்தை வேர்ட் செயலி இணையப் பக்கமாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு காற்புள்ளியும் இந்நான்கு குறிகளாகிவிடும். அப்பக்கத்தின் மூலத்தை அப்படியே எழுத்துரு மாற்றியில் இடுவோருக்கு நேர்வது என்ன? பாமினியில் அந்த 'உம்'மைக் குறி 'ரூ' ஆகும்; ஜீ பகரமாகும்; ரீ வகரமாகும்; அரைப்புள்ளி மெய்ப்புள்ளியாகும். காற்புள்ளி 'ரூபவ்' ஆகிவிடுகின்றது.

இப்பிழை நகைப்புக்கு இடமானது, பெருந்தீங்கற்றது. ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிகின்றது. கண்ணுக்குத் தெரியாத பிழையே அஞ்சத்தக்கது. பாமினி உரையை மேற்கூறிய விதியைப் பேணாது நேரே இணையப் பக்கத்தில் ஒட்டினால், ஈகாரம் கட்டளையின் தொடக்கமாகவும் அடுத்து வரும் காற்புள்ளி அதன் முடிவாகவும் கொள்ளப்படும். இடைப்பட்ட அனைத்தும் கட்டளை எனக் கருதப்பட்டுத் திரையிலிருந்து மறைக்கப்படும். 'பூவரசங்குளம், ஈச்சங்குளம், நெடுங்கேணி' என்னும் ஊர்ப்பட்டியல் இம்முறையில் 'பூவரசங்குளம், நெடுங்கேணி' என்றே தோன்றும். வவுனியா மாவட்டத்து ஈச்சங்குளம் தன் காற்புள்ளியையும் உடன்கொண்டு மறைந்துவிடும். எஞ்சிய தொடர் இலக்கண வழுவின்றி நிற்பதால், அங்கே ஓர் ஊர் இருந்ததென்ற ஐயமே படிப்போர்க்கு எழாது. மீள்குடியேற்றப் பட்டியலிலோ சேத விபரத்திலோ இவ்வாறு ஓர் ஊர் விடுபடுவது சாதாரண எழுத்துப் பிழையாகக் கருதத்தக்கதன்று.

தூய்மை என்பதன் பொருள்

ரிம் பேர்னர்ஸ்-லீ ஜெனீவாவை அடுத்துள்ள சேர்ண் ஆய்வுகூடத்திலே 1989இல் முன்மொழிந்து உருவாக்கிய உலகளாவிய வலை, ஆய்வாளர் தம்முள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்ளும் நோக்கினது. எனவே அதன் குறிமொழி ஆவணத்தின் அமைப்பைக் கூறுவதையே முதன்மையாகக் கொண்டது. பின்னர் எழுத்தின் நிறத்தையும் பருமனையும் கூறும் கட்டளைகள் புகுந்தன. 1996இல் தோற்றத்தைத் தனியே கூறும் நடையமைப்பு மொழியின் முதல் விதிமுறை வெளிவந்தது. 1997இன் இறுதியில் வெளிவந்த எச்.ரி.எம்.எல். 4.0 எழுத்துருக் கட்டளையைத் தவிர்க்குமாறு கூறியது. அமைப்பு வேறு, தோற்றம் வேறு என்னும் கொள்கை இவ்வாறு நிலைபெற்றது.

சொல் முறைவழிப்படுத்தற் செயலிகளின் போக்கு இதற்கு மாறானது. அவை தாளிலே எவ்வாறு தோன்றும் என்பதையே நோக்கின. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் வேர்ட் 2000 ஓர் ஆவணத்தை இணையப் பக்கமாகச் சேமிக்கும்போது, மீண்டும் அதே செயலியில் அதே தோற்றத்துடன் திறப்பதற்கு வேண்டிய குறிப்புகளையெல்லாம் உள்ளே சேர்த்தது. ஒரு வரி உரைக்குப் பல வரி அலங்காரக் குறிப்புகள் என்னும் நிலை ஏற்பட்டது. இதனை நீக்குவதற்கு அந்நிறுவனமே ஒரு வடிகட்டியை வெளியிட்டது. டேவ் றகெற் என்பவர் உருவாக்கிய 'ரைடி' என்னும் கருவியும் வேர்ட் 2000இன் மிகைக் குறிப்புகளைக் களையும் வசதியைக் கொண்டிருந்தது.

மேனாட்டு மொழிகளைப் பொறுத்தவரை இத்தகைய கருவிகள் பெரும்பாலும் போதுமானவை. தமிழ் ஆவணத்துக்கு, அதிலும் பாமினி ஆவணத்துக்கு, அவசரத் தூய்மை கேடு விளைப்பதாகும். ஒரு தொடர் பாமினியில் உள்ளதா ஆங்கிலத்தில் உள்ளதா என்பதைக் காட்டும் ஒரே சான்று, மிகை எனக் கருதிக் களையப்படும் அந்த எழுத்துருக் குறிப்பேயாகும். அதனை முதலிற் களைந்துவிட்டால் ஆங்கிலப் பெயர்களும் தமிழ்ச் சொற்களும் ஒரே குறித்தொகுதியாகிவிடும். மாற்றி அனைத்தையும் தமிழாக்க, உள்ளே இருந்த ஆங்கிலப் பெயர்கள் பொருளற்ற தமிழெழுத்துக் கோவைகளாகும். எனவே எழுத்துருக் குறிப்பைத் துணையாகக் கொண்டு முதலிலே எழுத்தைப் பெயர்த்தல் வேண்டும். அதன் பின்னரே அக்குறிப்பைக் களைதல் வேண்டும்.

தோற்றம் பற்றிய பிற குறிப்புகளுக்கும் இது பொருந்தும். வன்னியின் சிற்றூர் வெளியீடுகளைத் தட்டெழுதியோர் தலைப்பைத் தலைப்பெனக் குறிக்கும் வசதியைப் பெரும்பாலும் பயன்படுத்தவில்லை. எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினர். தலைப்பு அங்கே தோற்றமாக மட்டுமே வாழ்கின்றது. அலங்காரத்தை நீக்கும் கருவி தலைப்பையும் நீக்கிவிடும். நாட்டார் பாடல்களின் அடிகள் வெறும் வரி முறிப்புகளாக உள்ளன. அவை ஒன்றுசேர்க்கப்பட்டால் பாடல் உரைநடையாகி, ஓசை அழிந்து போகும். குளங்களின் பெயர்களும் அவற்றால் நீர்பாயும் ஏக்கர் அளவும் கொண்ட அட்டவணைகள் வெற்றிடங்களை மீண்டும் மீண்டும் தட்டி அமைக்கப்பட்டவையாகும். இணையப் பக்கமோ தொடர்ந்து வரும் பல வெற்றிடங்களை ஒரே வெற்றிடமாகவே காட்டும். நிரல்கள் குலைந்து, வெறுமையாக விடப்பட்ட இடம் மறைந்து, ஒரு குளத்துக்குரிய அளவு மற்றொரு குளத்தின் அருகிற் சென்று நிற்கும்.

ஆகவே தூய்மை என்பது களைவதன் பெயரன்று. தோற்றத்தினுள் மறைந்து கிடக்கும் அமைப்பை இனங்கண்டு அதனை வெளிப்படக் கூறியபின், எஞ்சிய அலங்காரத்தை விடுவதே தூய்மையாகும். எது தலைப்பு, எது பாட்டின் அடி, எது அடிக்குறிப்பு, எது ஊர்ப்பெயர் என்பதைத் துணிபவர் கருவியைக் கையாளத் தெரிந்தவராக இருத்தல் மட்டும் போதாது. அவ்வெழுத்தின் பொருளை அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும்.

மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள்

தமிழ் எழுத்துகளை இணையத்துக்குக் கொண்டு செல்லும் பணி பெரும்பாலும் தன்னார்வத்தால் நிகழ்ந்தது. 1998 தைப்பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலியோரின் முயற்சியாகும். பல நாடுகளிலும் வாழ்ந்த தமிழர் நூல்களைத் தட்டெழுதி, பிழைதிருத்தி, இலவசமாக வழங்கினர். ரிஸ்கி முறையில் அமைந்திருந்த அந்நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. ஒருமுறை பெயர்த்தால் பணி முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்றாகும். புலம்பெயர்ந்து வாழ்ந்த சுரதா யாழ்வாணன் உருவாக்கிய 'பொங்குதமிழ்' எழுத்துரு மாற்றி, பாமினியிலும் ஏனைய பழைய முறைகளிலும் அமைந்த உரைகளை ஒருங்குறியாக்க உதவியது. ஈழத்துத் தமிழ் ஆவணங்கள் பல அதன் துணையுடனேயே ஒருங்குறியைக் கண்டன. மேலே கூறிய 'ரூபவ்' போன்ற பிழைகள் அத்தகைய கருவிகளின் குறையால் விளைந்தவை அல்ல. குறிமொழியையும் உரையையும் பிரித்தறியாது அவற்றிலிட்டமையால் விளைந்தவையாகும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஓரிடத்தில் மட்டும் வைக்கப்படும் அறிவு ஓரிரவில் அழியக்கூடும் என்னும் உணர்வு ஈழத்தமிழர் மனத்திலே ஆழப் பதிந்தது. 2005இல் தில்லைநாதன் கோபிநாத், மு. மயூரன் ஆகியோர் தொடங்கிய நூலகம் திட்டம் இவ்வுணர்வின் வெளிப்பாடு எனலாம். இன்று அங்கே பேணப்படும் ஆவணங்களிற் பெரும்பாலானவை அச்சுப் பக்கங்களின் படிமங்களாகும். படிமம் மூலத்தைத் திரிபின்றிக் காட்டும். ஆனால் அதனுள்ளிருக்கும் சொல்லைத் தேடுவதற்கு எழுத்துணரியின் துணை வேண்டும். ஒருங்குறி உரை சொல்லைத் தேடித் தரும். ஆனால் பெயர்ப்பில் நேர்ந்த பிழையைத் தானாக அறிவிக்காது. இரண்டும் ஒருங்கே பேணப்படுமாயின் ஒன்றன் குறையை மற்றையது நிறைவு செய்யும்.

இப்பெயர்ப்பை நிரலிகளிடமே ஒப்படைத்துவிடலாம் எனக் கருதுவோரும் உளர். காற்புள்ளி 'ரூபவ்' ஆவதை ஒரு நிரலி எளிதில் திருத்தும். 'வௌியீடு' என்பதை அகராதியின் துணையுடன் திருத்தும். ஆனால் பட்டியலிலிருந்து மறைந்த ஊரை அது மீட்காது. ஏனெனில் அது மறைந்ததை அறியாது. அகராதியில் இல்லாத குளப்பெயரைப் பிழையெனக் கருதி, தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடவுங் கூடும். வன்னியின் ஊர்ப்பெயர்களும் காட்டுப் பெயர்களும் வேளாண்மைச் சொற்களும் பெரும்பாலும் பேரகராதிகளுக்கு வெளியே நிற்பவை. அவற்றைச் சரியெனக் கூறத்தக்கவர் அவ்வூரவரே.

முடிவுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதிப்பாசிரியர்கள் பெரும் இலக்கியங்களைத் தேடினர். சிற்றூர்களின் கணக்கேடுகளையும் தலைமுறைப் பட்டியல்களையும் பேணுவதற்கு அக்காலத்தில் வாய்ப்பில்லை. அவை கறையானுக்கும் அடுப்புக்கும் இரையாயின. வன்னியின் சிற்றூர் எழுத்துகள் இன்று அதே நிலையில் உள்ளன. இறுவட்டுகள் பழுதடைகின்றன, பழைய கணினிகள் கழிக்கப்படுகின்றன, தட்டெழுதியவர்கள் முதுமையடைகின்றனர். எஞ்சிய கோப்பைத் திறக்கும் ஓர் இளைஞர் அதனுள்ளே பொருளற்ற ஆங்கில எழுத்துகளைக் கண்டு, பழுதுற்ற கோப்பெனக் கருதி அழித்துவிடுதல் கூடும். அது பழுதுற்றதன்று, பாமினி அறிந்தோர்க்கு அது தமிழே.

இந்நிலையிலே பல்கலைக்கழகத்துக்குரிய பணி தெளிவானது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சில பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றன. கணினி அறிந்த மாணவரும் தமிழும் வரலாறும் பயிலும் மாணவரும் இப்பணியில் ஒன்றுகூடுதல் வேண்டும். மாணவர் தத்தம் ஊர்களிலே எஞ்சியுள்ள கோப்புகளைத் திரட்டுதல், மூலக்கோப்பை மாற்றாது படியொன்றை எடுத்துவைத்தல், எழுத்துருவை நோக்கி எழுத்தைப் பெயர்த்தல், தலைப்பையும் அடியையும் அட்டவணையையும் இனங்காணல், ஊர் முதியோர்க்கு வாசித்துக்காட்டித் திருத்துதல், யார் எப்போது பெயர்த்தார் என்பதைப் பக்கத்திலேயே குறித்தல் என்பன பெருஞ்செலவை வேண்டி நிற்பன அல்ல. பொறுமையையும் மொழியறிவையுமே அவை வேண்டி நிற்கின்றன. தாமோதரம்பிள்ளை தம் காலத்தில் ஏடுகளுக்குச் செய்த பணி இதுவே. ஈச்சங்குளம் என்னும் பெயர் தன் காற்புள்ளியோடு உரிய இடத்தில் நிற்கின்றதா என ஒப்புநோக்கிப் பார்க்கும் மாணவர் அப்பணியையே தொடர்கின்றார்.